அடுப்புக் கங்காணியும் நாற்பது சீட்டும்

அழகம்மா குவைத்திலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கு முத்துவீரன் கங்காணி ஒரு சபதம் எடுத்தார். கட்டுநாயக்க விமான நிலைய வாசலில், மனைவியின் சூட்கேஸைத் தூக்கித் தோளில் வைத்த அதே நிமிஷத்தில் எடுத்தார். சூட்கேஸ் முப்பது கிலோ. சபதம் அதைவிடக் கனம்.

'இனிமேல் செத்தாலும் அடுப்புப் பக்கம் போகமாட்டேன்.'

வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லுகிற அளவுக்குத் துணிச்சல் இருந்திருந்தால் சபதத்துக்கே வேலை வந்திருக்காது.

விஷயம் இதுதான். மகள் ஷாமிளாவைப் படிக்க வைக்க வேண்டும் என்று அழகம்மா இரண்டு வருஷம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஷாமிளா பெல்மதுளையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். ஓப்பநாயக்கவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் கடைசிக்கு முதல் காம்பராவில், கங்காணி மட்டும் ஒண்டிக்கட்டையாக நின்றார். விடியற்காலை நாலரைக்கு எழும்புவார். ஈர விறகை ஊது ஊது என்று ஊதுவார். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, ஆறு மணிப் பெரட்டுக்குப் போய் நிற்பார். பெரட்டுக்களத்தில் அறுபது பேரை நிறுத்தி, "நீ ஏழாம் நம்பர் மலைக்குப் போ, நீ கவ்வாத்து வெட்டப் போ" என்று உத்தரவு போடுகிற மனுஷன் அவர். "மீசையில சாம்பல் இருக்கு கங்காணி" என்று அறுபது பேரும் ஒரே குரலில் சொன்னால் உத்தரவு எப்படி எடுபடும்?

பக்கத்துக் காம்பரா ராமச்சந்திரன் இன்னும் மோசம். அவனுக்கு மருந்தடிக்கிற வேலை. வாயால் அடிக்கிற மருந்து தனி. லயத்தில் ஒரு வழக்கம் உண்டு: யார் வீட்டில் முதல் புகை கிளம்புகிறதோ, அங்கே மற்றவர்கள் சிரட்டையோடு வந்து இரண்டு தணல் வாங்கிப் போவார்கள். தீக்குச்சி மிச்சம், ஊர்ப்பேச்சும் கிடைக்கும். இரண்டு வருஷமும் முதல் புகை முத்துவீரன் வீட்டுப் புகைதான். ராமச்சந்திரன் சிரட்டையை நீட்டிக்கொண்டு, தொரை மாதிரித் தொண்டையை இறுக்கி, "குட்மோனிங், அடுப்புக் கங்காணி!" என்பான். அந்தப் பேர் லயத்தைச் சுற்றி, கொழுந்து நிறுக்கிற மடுவத்தைச் சுற்றி, கடைசியில் கொழுந்து லொறி ஓட்டுகிற சிங்கள டிரைவர் வரைக்கும் போய், அவரும் அதை ஒழுங்காக மொழிபெயர்த்து, "ஆ, லிப கங்காணி மாத்தயா!" என்று கையசைத்தார்.

அன்றே முடிவு செய்தார். பெண்டாட்டி வரட்டும்.

வந்தாள். மறுநாள் காலை நாலேமுக்கால். இருட்டு. இரண்டு பேரும் விழித்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

"ஏங்க."

"ம்."

"முழிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"தூங்குறவரு பேசுவாரா?"

"கனவுல பேசுறேன்."

"அப்ப கனவுலயே எந்திரிச்சுப் போயி அடுப்ப மூட்டுங்க."

"நான் ரெண்டு வருசம் மூட்டிட்டேன் அழகு. என் பங்கு முடிஞ்சு போச்சு."

"நானுந்தான் ரெண்டு வருசம் மூட்டினேன். நாலு மணிக்கு எந்திரிச்சு, ஒம்பது பேருக்கு. அதுக்கு முன்னால இங்க பதினாறு வருசம். கூட்டிப் பாருங்க."

முத்துவீரன் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டினால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

அழகம்மா கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த ரெண்டு வருசத்துல ஒரு நாளாவது யாராவது ஒரு கப் பிளேன்டீ ஊத்தி, இந்தா அழகம்மான்னு நீட்ட மாட்டாங்களான்னு இருந்துச்சு."

இது சண்டைக் குரல் இல்லை. சண்டைக் குரலாக இருந்தால் பதில் சொல்லிவிடலாம். முத்துவீரன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

மூன்று நாள் காலையில் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. ராமச்சந்திரன் சிரட்டையோடு வந்து, எட்டிப் பார்த்து, "என்னா கங்காணி, நெருப்பு செத்துப்போச்சா? எப்ப எடுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். மூன்றாம் நாள் வெறும் வயிற்றோடு பெரட்டுக்குப் போன முத்துவீரன், மருந்தடிக்கிற ராமச்சந்திரனைக் கொழுந்தெடுக்கவும், ஓய்வுக்கு இரண்டு மாசம் இருக்கிற ஓர் அக்காவை மருந்து டாங்கியைச் சுமக்கவும் அனுப்பிவிட்டார். அக்கா டாங்கியைத் தூக்கியே விட்டாள். ராமச்சந்திரன் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு இடுப்பை ஒடித்து நடந்து காட்டினான். பெரட்டுக்களம் பத்து நிமிஷம் சிரித்தது.

அன்று சாயந்தரம்தான் சூட்கேஸின் அடியிலிருந்து அந்தப் பெட்டி வெளியே வந்தது.

உள்ளங்கை அகலம். நீல நிறம். நடுவில் சின்னக் கண்ணாடி, இரண்டு பக்கமும் பொத்தான். முதுகில் இரண்டு பென்டோர்ச் பெட்டரி போடுகிற குழி. அழகம்மா வேலை செய்த வீட்டில் நூரா என்று ஒரு சிறுமி. அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் அங்கே ஒரு வகைச் சீட்டுச் சேர்த்தார்களாம். சீட்டுக்கு ஒரு மிருகம். கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, தங்களுக்குள் மாற்றி, தரையில் பரப்பிச் சண்டை விடுவார்களாம். பிறகு அந்தச் சீட்டு அத்தனையையும் ஒரு கம்பனிக்காரன் அள்ளி இந்தப் பெட்டிக்குள் போட்டுவிட்டான். நூராவுக்குப் புதுப் பெட்டி வந்ததும் பழசு அழகம்மாவின் மகளுக்கு என்று வந்தது.

"ஷாமிளாவுக்கு டிசம்பர்ல பரீட்ச. அது முடியிற மட்டும் இது அவ கண்ணுல படக்கூடாது" என்றாள் அழகம்மா.

"சரிதான். படிக்கிற புள்ள" என்று சொல்லிக்கொண்டே முத்துவீரன் பொத்தானை அமுக்கினார்.

டிட்டிடி டிட்டிடி டீ!

கண்ணாடியில் இரட்டைத் தலை எருமை ஒன்று வந்து முறைத்தது. முத்துவீரனும் முறைத்தார். அந்த நிமிஷத்தில் அவருடைய வயது நாற்பத்தொன்றிலிருந்து பதினொன்றுக்கு இறங்கியது.

"இதுல என்னா செய்யணும்?"

"எனக்கென்னா தெரியும்? தூசு தொடைக்கத்தான் எடுத்திருக்கேன். நம்ம கையில நாப்பது சீட்டு. எட்டுப் பேரு ஒருத்தன் பின்னால ஒருத்தனா வருவான். எல்லாரையும் ஜெயிச்சா கடைசியில ஒரு வெள்ளத் தாடிக் கெழவன். அவனையும் ஜெயிச்சா முடிஞ்சுது. அந்தப் புள்ள அப்புடித்தான் சொல்லும்."

எட்டுப் பேர். எட்டு மலை. முத்துவீரனுக்கு மூளையில் ஒரு பல்பு எரிந்தது. அறுபது பேரைக் காலையில் வகை பிரித்து மலைக்கு மலை அனுப்புகிறவர். நாற்பது சீட்டை மேய்க்கத் தெரியாதா? இவளோ தூசு துடைத்தவள்.

"அழகு, ஒரு பந்தயம் வச்சுக்குவோமா?"

"என்னா பந்தயம்?"

"அந்தக் கெழவன யாரு மொதல்ல ஜெயிக்கிறாங்களோ அவங்க இனிமே ஆயுசுக்கும் அடுப்பு மூட்ட வேணாம். தோத்தவங்க மூட்டணும்."

அழகம்மா யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். பயந்த மாதிரிக்கூட இருந்தது. பாவமாகிவிட்டது கங்காணிக்கு.

"நீங்க ஆம்பள, கங்காணி. எனக்கு முடியுமாங்க?"

"முயற்சி பண்ணு. ஏன் முடியாது?" என்றார் பெருந்தன்மையாக.

"சரி. ஆனா ஒருத்தர் வெளையாடுறத ஒருத்தர் பாக்கக் கூடாது. சாயந்தரம் எனக்கு. காலையில உங்களுக்கு. காலையிலதானே புத்தி தெளிவா இருக்கும், அது உங்களுக்கே இருக்கட்டும்."

"பரவால்ல, பரவால்ல" என்று மறுப்பது போல் ஏற்றுக்கொண்டார்.

"அப்பறம், பந்தயம் முடியிற வரைக்கும் அடுப்பு யாரு மூட்டுறது?"

"நீயே சொல்லு."

"யாரு மொதல்ல எந்திரிக்கிறாங்களோ அவங்க."

முத்துவீரன் உள்ளுக்குள் சிரித்தார். முதலில் எழும்ப அவருக்கு என்ன பைத்தியமா?

மறுநாள் காலை நாலரைக்கு முதலில் எழும்பினார்.

பின்னே? காலைதான் அவருடைய பங்கு. ஆறு மணிக்குப் பெரட்டு. அதற்குள் ஒரு மலையாவது ஏற வேண்டாமா? ஓசைப்படாமல் குசினிக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கண்ணாடிக்குத் தனக்கென்று வெளிச்சம் கிடையாது. வெளியே இருந்து வெளிச்சம் விழுந்தால்தான் உள்ளே எருமை தெரியும். வீட்டில் ஒரே ஒரு பல்பு, அது முன்னறையில், அழகம்மாவின் தலைக்கு நேர் மேலே. போட்டால் அவள் எழும்பிவிடுவாள், ஆட்டத்தைப் பார்த்துவிடுவாள். டோர்ச்சைத் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் செருகிப் பார்த்தார். வாய் தானாகத் திறந்து எச்சில் எருமை மேல் விழுந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் நாலு சுள்ளியைக் கூட்டிப் பற்ற வைத்தார்.

ஆகா! செம்மஞ்சள் வெளிச்சம். எருமையின் பல்கூடத் தெரிந்தது.

சும்மா எரிகிற நெருப்பு வீணாகப் போகக் கூடாது என்று கேத்தலைத் தூக்கி வைத்தார். தண்ணீர் கொதித்தது. கொதித்த தண்ணீரைக் கொட்டவா முடியும்? தேயிலைச் சாயம் ஊற்றினார். ஊற்றியது இரண்டு கப் வந்துவிட்டது. இரண்டையும் தானே குடித்தால் பெரட்டில் நிற்க முடியாது. ஒன்றைக் கொண்டுபோய் அழகம்மாவின் தலைமாட்டில் வைத்தார்.

"நீங்களா ஊத்தினீங்க?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

"சும்மா. வெளிச்சத்துக்கு."

"ம்" என்றாள். அந்தக் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் குடித்தாள்.

முதல் மலை சுலபமாகப் போனது. தொப்பி போட்ட ஒரு பொடியன்; ஊதினால் விழுந்துவிட்டான். பரிசாகப் பெரிய பெரிய மிருகச் சீட்டாகக் கிடைத்தது. நெருப்புக் கக்கும் உடும்பு. சிறகு முளைத்த யானை. முத்துவீரன் உடனே நாற்பது சீட்டையும் மாற்றி அடுக்கினார். சீட்டுக்கட்டில் ஏற்கெனவே நிறையத் தீனிச் சீட்டு இருந்தது: ஒன்றில் ஒரு கட்டுப் புல், ஒன்றில் ஒரு குடம் தண்ணீர். பார்க்கவே கேவலமாக இருந்தது. கங்காணி மதிப்புக்கு அது சரிவராது. அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு, முப்பத்தெட்டு மிருகமும், போனால் போகிறது என்று இரண்டு புல்லும் வைத்தார்.

இரண்டாம் மலையில் ஒரு மீன்காரன். முத்துவீரன் யானையை இறக்கினார். யானை நின்றது. அசையவில்லை. உடும்பை இறக்கினார். அதுவும் நின்றது. மீன்காரன் ஒரு நண்டை விட்டான். நண்டு நிதானமாக வந்து யானையைக் கடித்தது, உடும்பைக் கடித்தது, எருமையை இரண்டு தலையிலும் கடித்தது.

டொய்ங்... டொய்ங்... டொய்ய்ய்ங்.

அதுதான் தோற்ற பாட்டு. அந்தப் பாட்டு ஒரு மாசம் அந்தக் குசினியை விட்டுப் போகவில்லை.

லயத்துச் சுவருக்குக் காது உண்டு. ராமச்சந்திரன் பக்கத்துச் சுவருக்கு வாயும் உண்டு. காலையில் தணல் வாங்க வருவான். "குட்மோனிங், அடுப்புக் கங்காணி! பழைய பதவி மறுபடி கெடச்சிருச்சே! நேத்து மூணு தரம் செத்தீங்க. இன்னைக்கு நாலு. என்னாத்துக்கு இப்புடிச் சாகுறீங்க?" பெரட்டுக்களத்தில் முத்துவீரன் வாயைத் திறந்தாலே, பின்வரிசையிலிருந்து அச்சு அசலாக ஒரு 'டொய்ய்ய்ங்' கிளம்பும். திரும்பிப் பார்த்தால் ராமச்சந்திரன் மரம் மாதிரி நிற்பான்.

அழகம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள், கப்பை வாங்கிக்கொண்டு.

"இன்னைக்கும் அரைப்பேருதானா?"

குறித்த நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அன்றைய வேலையை முழு நாளாக எழுதமாட்டார்கள். பாதி நாள்தான் விழும். அதுதான் அரைப்பேர். பதினாறு வருஷமாக மற்றவர்களுக்கு அரைப்பேர் போட்ட கை முத்துவீரனுடையது. அழகம்மாவுக்கே இரண்டு தடவை போட்டிருக்கிறார். அதை அவள் மறக்கவில்லை போல.

"ஒனக்கு எப்புடிப் போகுது?" என்று கேட்டார் ஒரு நாள்.

"எனக்கா? நான் மொதல் மலை அடிவாரத்துலயே நிக்கிறேன். அந்தத் தொப்பிக்காரப் பொடியன் என்னை விரட்டுறான்."

அந்த ஒரு ஆறுதலில்தான் முத்துவீரன் மறுநாளும் நாலரைக்கு எழும்பினார். சாயந்தரம் வாசல் இஸ்தோப்பில் அவள் பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருப்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பார். கண் மூடியிருக்கிற மாதிரித் தெரியும். யோசிக்கிறாள் பாவம் என்று நினைத்துக்கொள்வார்.

பெட்டியோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்திருந்தது. விளையாடுகிற விதம் அதில் இருக்கும் என்பது படத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் எழுத்து முழுக்க அரபு. குவைத்தில் இருந்து வந்தவளுக்குத் தெரியலாம்; ஆனாலும் எதிராளியிடமே போய் வாசித்துக் காட்டச் சொல்வதா? அதைவிட அடுப்பே மூட்டலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு ஓப்பநாயக்க பஸாருக்கு இறங்கினார். பளீல் நானாவின் கடை. பெட்டரி வாங்குவதும் அங்கேதான்.

"நானா, இது அரபு எழுத்துதானே?"

பளீல் நானா கண்ணாடியை மாட்டினார். "அரபேதான். ஓதிக் காட்டட்டா?"

"சத்தமாவே வாசிங்க நானா."

நானா தொண்டையைச் செருமினார். ஆரம்பித்தார் பாருங்கள், என்ன குரல்! ஏற்றம் இறக்கம் எல்லாம் அந்தந்த இடத்தில் விழுந்தது. அரிசி வாங்க வந்தவர்கள் நின்று கேட்டார்கள். முத்துவீரன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். இரண்டு பக்கம் முடிந்தது.

"அருமை நானா. இப்ப இதுல என்னா போட்டிருக்கு?"

"அது எனக்குத் தெரியாதே."

"இவ்வளவு நேரம் வாசிச்சீங்களே!"

"வாசிக்கத் தெரியும். சின்ன வயசுல படிச்சது. வெளங்குறது வேற காரியம்." நானா கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் கங்காணி, ஆப்பீசுலருந்து இங்கிலீசுல கடுதாசி வந்தா நீங்க எழுத்துக் கூட்டி வாசிக்கிறல்லயா? எல்லாம் வெளங்குதா?"

முத்துவீரன் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"வீட்டுலயே ஆள வச்சிக்கிட்டு இங்க ஏன் வந்தீங்க?" என்றார் நானா, பெட்டரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே. "போன கெழம ஒங்கட வீட்டம்மா சாமான் வாங்க வந்தாங்க. எங்கட மகள் ஸுபைதாவுக்கு வந்த ஈச்சம்பழப் பெட்டிய எடுத்து, அதுல இருந்த அரபப் பாத்து, எப்ப பழுதாகும், எங்க செஞ்சது, மளமளன்னு செல்லிப் போட்டாங்களே. அவங்க வேல செஞ்ச வீட்டுப் புள்ள படிச்சுக் குடுத்திச்சாம்."

"ஈச்சம்பழம் வேற நானா. இது மூள வேல."

பளீல் நானா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அடுத்த ஆளுக்குச் சீனி நிறுக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் முத்துவீரன் உடைந்துபோனார். ஒரே காலையில் ஏழு தரம் நண்டு கடித்திருந்தது. ஏழு 'டொய்ய்ய்ங்'கும் சுவருக்கு அந்தப் பக்கம் எதிரொலித்தது, ராமச்சந்திரனின் வாயால். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பெட்டியை அழகம்மாவின் பக்கம் தள்ளினார்.

"எனக்கு வேணாம் இந்தச் சனியன். பந்தயமும் வேணாம் ஒண்ணும் வேணாம். நாளையிலருந்து நான் அஞ்சரை மட்டும் தூங்கப்போறேன்."

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அழகம்மாவின் கை நின்றது.

"விட்டுறப்போறீங்களா?"

"விட்டுட்டேன்."

கை மறுபடி தட்டத் தொடங்கியது. மெதுவாக. "ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. நாளைக்குப் பெரட்டுல நாப்பது பேரு வந்து நிக்கிறாங்க. அதுல முப்பத்தெட்டு பேரு கங்காணி. ரெண்டே ரெண்டு பேரு கொழுந்துக்காரி. சாயந்தரம் எத்தன கிலோ வரும்?"

"என்னா பேச்சு பேசுற? கிலோவா? அத்தன கங்காணியும் ஒருத்தன ஒருத்தன் ஏசிக்கிட்டு நிப்பான். வேல செய்யிறவங்க இல்லாம கங்காணி மட்டும் நின்னு என்னாத்துக்கு..."

நின்றுவிட்டார். வாயில் இருந்த ரொட்டியை மெல்ல மறந்துவிட்டார். புல். தண்ணீர். யானை தின்றால்தானே நடக்கும்!

"அப்புடியா?" என்றாள் அழகம்மா. "எனக்கென்னா தெரியும். சும்மா கேட்டேன்."

முப்பத்தெட்டும் இரண்டும் என்ற கணக்கு அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கங்காணியின் கை ஏற்கெனவே பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நின்று பார்க்க நேரமில்லை. பாதிக் கட்டு தீனி, பாதிக் கட்டு மிருகம். மீன்காரனின் நண்டை யானை மிதித்தது. மூன்றாம் மலை, நாலாம் மலை. ஐந்தாம் மலையில் ஒரு வாரம் மழைக்குள் மாட்டிய மாதிரி நின்று, பிறகு ஏறினார். அடுப்பு நாலரைக்கு எரியும். பிளேன்டீ ஐந்துக்கு இறங்கும். அழகம்மா ஐந்தரைக்கு எழும்புவாள், முகம் தெளிவாக, கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல. ராமச்சந்திரன் இப்போதெல்லாம் தணலோடு ஒரு கப் சாயமும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். "கங்காணி சாயம் ஊத்துனா தனி ருசி" என்று லயம் முழுக்கச் சொன்னான். முத்துவீரனுக்கு அதில் சின்னப் பெருமைகூட வந்துவிட்டது. எதன் மேல் பெருமைப்படுகிறோம் என்று நின்று யோசிக்க எட்டாம் மலை விடவில்லை.

கார்த்திகைத் தீபம் முடிந்த வாரம். காலை ஐந்தே முக்கால். வெள்ளைத் தாடிக் கிழவன் கடைசிச் சீட்டை இறக்கினான். முத்துவீரன் சிறகு முளைத்த யானைக்கு மூன்று கட்டுப் புல்லை ஊட்டி அனுப்பினார். கிழவன் தாடியோடு விழுந்தான்.

டீடிட்டி டீடிட்டி டீடிட்டி டீஈஈ!

இதுவரை கேட்காத பாட்டு. முத்துவீரன் குசினியிலேயே எழுந்து நின்று ஆடினார். சுவருக்கு அந்தப் பக்கம் ராமச்சந்திரன் கை தட்டினான்.

"அழகு! விழுந்துட்டான்! கெழவன் விழுந்துட்டான்! இனிமே ஆயுசுக்கும் நீதான் அடுப்பு!"

அழகம்மா தலைமுடியைச் சுற்றிக் கொண்டை போட்டுக்கொண்டே வந்தாள். "அப்புடியா? நல்லதாப் போச்சு. பேரு போடச் சொல்லிக் கேக்குமே, போட்டீங்களா?"

கேட்டது. ஐந்து எழுத்துக்குத்தான் இடம். கொழுந்துச் சாக்கில் எழுதிப் பழகிய இங்கிலீஷ் எழுத்தில் 'வீரா' என்று போட்டார். உடனே ஒரு பட்டியல் விரிந்தது. கிழவனை வென்றவர்களின் பட்டியல். மொத்தம் எட்டு வரி. வீரா எட்டாவது வரியில் இருந்தார், கடைசியில். எத்தனை சுற்றில் வென்றார் என்றும் போட்டிருந்தது: அறுபத்தொன்று.

மேலே ஏழு வரியிலும் ஒரே பேர். சுற்றுக் கணக்கு மட்டும் மேலே போகப் போகக் குறைந்தது: பதினெட்டு, பதினேழு... உச்சியில் பதினாலு.

முத்துவீரன் எழுத்துக் கூட்டினார். ஏ. எல். ஏ. ஜி. யூ.

"அ... ழகு."

"ம்?" என்றாள் அவள். கூப்பிட்டதற்குத்தான் பதில்.

"இது யாரு?"

"அதான் போட்டிருக்கே."

"தூசு தொடைச்சேன்னு சொன்ன!"

"தொடைச்சேன். தொடைச்ச பிறகு வெளையாடினேன். அந்தப் புள்ளைக்குத் தொணைக்கு யாரும் இல்ல. மத்தியானம் வேலைய முடிச்சுட்டு நானும் நூராவும் காயிதச் சீட்டத் தரையில பரப்பிக்கிட்டு உக்காருவோம். பொட்டி வந்த பிறகு பொட்டியில. அது தோத்துட்டு அழும். நான் ஜெயிச்சுக் குடுப்பேன்."

"ஏழு தரமா!"

"எட்டு வரிதானே இருக்கு. கடைசி வரிய உங்களுக்குன்னு விட்டு வச்சேன்."

முத்துவீரன் அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப பந்தயத்தன்னைக்கே நீ ஜெயிச்சிருக்கலாமே?"

"ஜெயிச்சிருந்தா மறுநாளே உர்ருன்னு மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுப்பு மூட்டியிருப்பீங்க. ஒரு வாரம். அப்பறம் இடுப்புப் புடிச்சுக்கும்." அவள் அவர் கையிலிருந்த கப்பை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "இப்ப மூணு மாசம் சிரிச்சுக்கிட்டே ஊத்தினீங்க. ஒரு நாளும் தவறல. இந்தா அழகம்மான்னு நீங்க நீட்டுனது ஒரு நாளைக்கு ஒரு தரம்ங்க."

முத்துவீரன் கோபப்படலாம் என்று முயன்று பார்த்தார். வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுதி: அவர் வென்றுவிட்டார். பந்தயம் பந்தயம்தான்.

"எப்புடியோ போகட்டும். நான்தான் இங்க மொதல்ல ஜெயிச்சேன். நாளையிலருந்து யாரு அடுப்பு மூட்டுறது?"

"நான்தான். பேசுன பேச்சு பேச்சுதான். அஞ்சேகாலுக்கு எந்திரிச்சு மூட்டுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா." அழகம்மா கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். "அந்தப் பதினாலு சுத்தெல்லாம் பெரிய விசயம் இல்லைங்க. மனசுல வச்சுக்காதீங்க. அறுபத்தொண்ணும் ஒங்களுக்கு நல்ல கணக்குதான்."

அன்று பெரட்டில் முத்துவீரன் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மீசையில் சாம்பல் இல்லை. 'டொய்ய்ய்ங்' இல்லை. ஏழாம் நம்பர் மலைக்கு ஆளை அனுப்பும்போது மட்டும் வாய் தவறி, "பதினாலாம் நம்பருக்குப் போங்க" என்றார்.

மறுநாள் விடியற்காலை நாலரைக்குக் கண் தானாக விழித்தது. புரண்டு படுத்தார். இனி எழும்ப வேண்டியதில்லை. ஆயுசுக்கும் வேண்டியதில்லை. என்ன சுகம்! என்ன குளிர்! பதினாலு. போர்வையை இழுத்துக்கொண்டார். யானையை மூன்றாம் சுற்றிலேயே இறக்கியிருந்தால்? பதினாலு. புல்லை முதலிலேயே சேர்த்து வைத்திருந்தால்? அறுபத்தொன்று எங்கே, பதினாலு எங்கே.

சும்மா ஒரே ஒரு ஆட்டம். அழகம்மா எழும்ப இன்னும் முக்கால் மணி இருக்கிறது.

ஓசைப்படாமல் குசினிக்குப் போனார். பெட்டியைத் திறந்தார். கண்ணாடி கறுப்பாக இருந்தது.

நாலு சுள்ளி மட்டும்தான் வைத்தார். வெளிச்சத்துக்கு.

முதல் புகை கூரைக்கு மேலே ஏறியதும் ராமச்சந்திரனின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அதோடு முன்னறையிலிருந்து, போர்வைக்குள்ளிருந்து, அழகம்மாவின் குரலும் கேட்டது.

"ஏங்க, அடுப்பு எரியுதா?"

"...எரியுது."

"எரியிற அடுப்ப நான் எப்புடி மூட்டுறது? சரி, இன்னைக்கு இஞ்சி கொஞ்சம் தட்டிப் போடுங்க."